கிறிஸ்மஸ் எவன்ஸ்: கண்ணை எழுதியவர்களும் கடனை விட்டவர்களும்

கிறிஸ்மஸ் எவன்ஸ் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய கண்தான். ஒற்றைக்கண் பிரசங்கி. 2001இல் டிம் ஷென்டன் எழுதிய வரலாற்றின் தலைப்பிலேயே அந்தக் கண் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குறிப்பில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இவர்கள் எதைப் பார்க்காமல் விட்டார்கள்?

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் நாட்டில் கார்டிகன்ஷயரில், லாண்டிசில் பக்கத்தில், 1766 டிசம்பர் 25 அன்று பிறந்தவர். பெயருக்குக் காரணம் அந்தத் தேதிதான். அப்பா செருப்புத் தைப்பவர். பையனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்துபோக, மாமன் வீட்டில் பண்ணை வேலை. அந்த வீட்டில் அன்பும் இல்லை, படிப்பும் இல்லை. பதினேழு வயதை ஒட்டித்தான் எழுத்து தெரிய வருகிறது. அவரும் இன்னும் சில இளைஞர்களும் ஒரு களஞ்சியத்தில் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்து, ஒரே மாதத்தில் தாய்மொழியான வெல்ஷில் வேதாகமம் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். 1788இல் அபெர்டியார் பாப்டிஸ்ட் சபையில் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம். 1789இல் வடமேற்கே லீன் தீபகற்பத்தில் போதகராகப் பிரதிஷ்டை. 1791 முதல் 1826 வரை ஆங்கிள்சி தீவு. பிறகு கேர்ஃபிலி, கார்டிஃப், கேர்நார்வன். 1838 ஜூலை 19 அன்று ஸ்வான்சியில், பயணத்தின் நடுவே மரணம்.

இப்போது கண்ணுக்கு வருவோம். இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, மனந்திரும்புவதற்கு முன்னால் ஏதோ சந்தையில் குத்துச்சண்டை போட்டுக் கண்ணை இழந்தார் என்பது. ஜனங்கள் வாயில் நின்றது இதுதான். இன்னொன்று அவரே சொன்னதாக வரலாறுகளில் வருவது: மனந்திரும்பிய பிறகு, பழைய சிநேகிதர்கள் ஆறு பேர் ராத்திரியில் வழிமறித்து அடித்தார்கள், ஒருவனுடைய தடி கண்ணுக்கு மேலே விழுந்தது. சம்பவம் ஒன்று, அதற்குள் இருக்கும் ஆள்கள் இரண்டு. முதல் கதையில் அவர் முரடன், கிருபை வந்து மாற்றுகிறது. இரண்டாவதில் விசுவாசத்துக்காக அடிவாங்கியவர். முதல் கதை ஏன் பரவியது என்பது புரியாத விஷயம் இல்லை. பெரிய பாவி பெரிய பிரசங்கி ஆனான் என்றால் கேட்பதற்கு ருசி அதிகம். எட்வின் பாக்ஸ்டன் ஹுட் தன் 1881 புத்தகத்தில் குத்துச்சண்டைக் கதையை மறுக்கிறார். அந்த அளவுக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் மறுத்த கையோடு அதே கண்ணை விளக்கு மாதிரி ஏற்றி வைத்துவிடுகிறார். ராபர்ட் ஹால் என்ற புகழ்பெற்ற ஆங்கில பாப்டிஸ்ட் பிரசங்கி, அந்த ஒரு கண் ஒரு படையையே இருட்டில் வனாந்தரம் தாண்டி நடத்திப்போகும் என்ற பொருளில் சொன்னாராம். இந்தத் துணுக்கு இல்லாமல் கிறிஸ்மஸ் எவன்ஸ் பற்றிய கட்டுரையே கிடையாது என்கிற நிலைமை.

இதை ஹுட் ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் 'கோவ்யன்ட்' என்று ஒரு எழுத்து வகையே இருந்தது. இறந்துபோன பிரசங்கியின் வாழ்க்கை வரலாறு. அச்சு வார்த்த மாதிரி ஒரே அமைப்பு: பிறப்பு, மனந்திரும்புதல், ஊழியம், குணநலன், மரணம், கடைசியில் சில பிரசங்கங்கள். எவன்ஸுக்கு வில்லியம் மார்கன் எழுதிய கோவ்யன்ட் 1839இலேயே, இறந்த மறு வருஷமே, வந்துவிட்டது. ஆங்கிலத்தில் டேவிட் ரீஸ் ஸ்டீபன் எழுதியது 1847. இந்த அச்சில் கனவுக்கு இடம் உண்டு, மரணப் படுக்கையின் கடைசி வார்த்தைக்கு இடம் உண்டு. கணக்குக்குத் தனி அத்தியாயம் இல்லை. பணம் வரும்போதெல்லாம் அது 'சோதனை' என்ற பெயரில்தான் வரும்.

நான் செய்து பார்த்தது சின்ன வேலைதான். இதே புத்தகங்களில் பணம் வரும் இடங்களை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். வேறொரு மனிதர் தெரிகிறார்.

ஆங்கிள்சியில் அவருடைய சம்பளம் வருஷத்துக்கு 17 பவுண்டு. மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. தீவு முழுக்கச் சிதறிக் கிடந்த பாப்டிஸ்ட் கூட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருவரே போதகர். குடியிருப்பு லாங்கெவ்னி பக்கம் கில்டூர்ன் ஆலயத்தை ஒட்டின தாழ்வான குடிசை. குதிரைக்கும் அதே கூரைதான். சின்னப் புத்தகங்களை அச்சடித்துப் போகிற இடத்தில் விற்றுக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை, சொல்கிறார்கள். ஆனால் எளிமையின் அழகாகச் சொல்கிறார்கள். 17 பவுண்டு அவர்கள் கையில் பரிசுத்தத்தின் அடையாளமாக மாறிவிடுகிறது. ஏன் 17 என்று யாரும் கேட்கவில்லை.

பதில் வேல்ஸின் நிலைமையில் இருக்கிறது. அங்கே அரசு சபை ஆங்கிலிக்கன் சபை. நிலத்தின் விளைச்சலில் தசமபாகம் சட்டப்படி அதற்குத்தான் போகும். பாப்டிஸ்ட் குடியானவன் தான் வாசலே மிதிக்காத ஆலயத்துக்குக் கட்டாயமாகக் கட்டிவிட்டு, மீதியிலிருந்துதான் தன் சபைக்குக் கொடுக்க வேண்டும். அந்த அரசு சபை ஏற்பாடு வேல்ஸில் ரத்தானது 1920இல். ஆக எவன்ஸின் ஜனங்கள் கஞ்சர்கள் இல்லை. இரண்டு சபைக்குப் படியளந்தவர்கள்.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் எழுப்புதல் வந்தால் என்ன ஆகும்? கூட்டம் பெருகும், வீட்டுத் திண்ணையும் களஞ்சியமும் போதாது, ஆலயம் கட்ட வேண்டும். கையில் காசு இல்லை, அதனால் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள். பிரசங்கம் எவ்வளவுக்கு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்குக் கடன் ஏறியது! இந்த முடிச்சை எவன்ஸின் வரலாற்றாசிரியர்கள் யாருமே நேராகச் சொல்வதில்லை. கடன்காரர்கள் நெருக்கினபோது அதைத் தலையில் சுமந்தவர் பிரசங்கி. ஆலயக் கடனுக்காக வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலும் அவருக்கு வந்தது.

அதனால்தான் அந்தப் புகழ்பெற்ற பயணங்கள். ஆங்கிள்சியிலிருந்து மெனாய் நீரிணையைப் படகில் கடந்து, மலைவழியாகக் குதிரையில் தெற்கே இறங்குவார். தெற்கில்தான் இரும்பாலையும் நிலக்கரியும் இருந்தன. கூலி வாங்குகிற ஜனம் இருந்தது. ஊர் ஊராகப் பிரசங்கம், முடிந்ததும் தீவின் ஆலயங்களுக்காகக் காணிக்கை. ஒற்றைக்கண்ணர் பிச்சைக்கு வந்துவிட்டார் என்று கேலி பேசினவர்களும் உண்டு. மெனாய் தொங்கு பாலம் திறந்தது 1826 ஜனவரியில். அவர் தீவை விட்டுப் போனதும் அதே வருஷம்தான். சுமார் 35 வருஷம் படகில் கடந்த மனிதருக்குப் பாலம் கிடைத்தது கிளம்புகிற வருஷத்தில்.

இந்த இடத்தில் அவருடைய பிரசங்கங்களையும் வேறுமாதிரி கேட்கத் தோன்றுகிறது. அவர் பெயர் வேல்ஸ் முழுக்கப் பரவியது 1794இல் லனெத்லி பக்கம் வெலின்வோயல் ஊரில் நடந்த பாப்டிஸ்ட் சங்கக் கூட்டத்தில். வெயில், திறந்த வெளி. அவருக்கு முன்னால் ஏற்கனவே பிரசங்கங்கள் முடிந்து ஜனம் களைத்திருந்தது. அவர் எழுந்து, உலகமே பூட்டின ஒரு கல்லறைத் தோட்டம், வாசலில் நீதி காவல் நிற்கிறது, இரக்கம் உள்ளே போக வழி கேட்கிறது என்று நாடகமாக ஆரம்பித்தார். ஹுட் போன்றவர்கள் இதைக் கட்டற்ற கற்பனை என்று வியக்கிறார்கள். ஹுட் தன் புத்தகத் தலைப்பிலேயே எவன்ஸை 'காட்டு வேல்ஸின் பிரசங்கி' என்றுதான் அழைக்கிறார். எனக்கு அது காடாகவே தெரியவில்லை. அந்த உவமையைத் தாங்கி நிற்பது கணக்கு. நீதிக்குப் பாக்கி இருக்கிறது, யாராவது கட்டாமல் வாசல் திறக்காது. பத்திரமும் வட்டியும் என்னவென்று தெரிந்த குடியானவனுக்குப் புரிகிற மொழி அது. மலையும் மேகமும் அதைத் தரவில்லை, ஜனங்களோடு இருந்த வாழ்க்கை தந்தது. கிருபையைக் கடன் தீர்ப்பாகப் பேசுவது கிறிஸ்தவத்தில் பழைய வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் இந்த ஆளின் வாயில் ஏன் இவ்வளவு சூடாக வந்தது என்பதைச் சொல்லாமல் வரலாறு முழுமையாகாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தப் பிரசங்கம் நமக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில். வெல்ஷில் பேசியது, வெல்ஷில் எழுத்தானது, பிறகு மொழிபெயர்ந்தது. அமெரிக்காவில் ஜோசஃப் கிராஸ் கொடுத்த வடிவம் ஒரு மாதிரி, பிரிட்டனில் வந்த வடிவங்கள் வேறு மாதிரி. மொழிபெயர்ப்பாளர்கள் அலங்காரத்தைக் காப்பாற்றினார்கள். நிறுத்தம், குரல் ஏற்ற இறக்கம், கூட்டம் கொடுத்த பதில் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோயின. அப்படி மிஞ்சின அலங்காரத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவது, வில்லுப்பாட்டின் வரிகளை மட்டும் வாசித்துவிட்டுக் கலைஞரை மதிப்பிடுகிற மாதிரி.

இதனால் எவன்ஸை வெறும் கடன் சுமந்த தியாகியாக ஆக்கிவிடக் கூடாது. அது கோவ்யன்டின் இன்னொரு பதிப்பாகிவிடும். ஆங்கிள்சியில் அவர் கிட்டத்தட்ட பிஷப் மாதிரி நடந்துகொண்டார். தீவின் கூட்டங்களெல்லாம் ஒரே சபை, தலை தான் என்ற ஏற்பாடு. பாப்டிஸ்ட் கொள்கைப்படி ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே அதிகாரம். கூட்டங்கள் வளர்ந்து, எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று கேட்டபோது அவரால் அதைத் தாங்க முடியவில்லை. 1823இல் மனைவி கேத்தரின் இறந்திருந்தார். மூன்று வருஷம் கழித்து அறுபதை நெருங்கும் வயதில் தீவை விட்டார். வரலாற்றாசிரியர்கள் இதை ஜனங்களின் நன்றிகெட்டதனமாகவே எழுதுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. கடனைத் தனியாகச் சுமந்தவருக்கு முடிவையும் தனியாக எடுக்கலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. தசமபாகமும் கட்டி, தங்கள் சபையையும் தாங்கினவர்களுக்குத் தங்கள் போதகரைத் தேர்ந்தெடுக்க உரிமை இருப்பதும் அதே அளவு இயல்பு. பணத்தை விட்டுவிட்டுப் படித்தால் இந்தச் சண்டை வெறும் குணக்கோளாறாகத் தெரியும்.

முடிவும் அப்படித்தான். 1838இல், எழுபத்தொரு வயதில், கேர்நார்வன் ஆலயக் கடனுக்கு 300 பவுண்டு கேட்டு நெருக்குதல் வர, மறுபடி தெற்கே கிளம்பினார். ஸ்வான்சியில் படுத்தவர் எழவில்லை. ஓட்டிக்கொண்டு போ என்று வண்டிக்காரனிடம் சொல்கிற மாதிரி அவருடைய கடைசிச் சொல் இருந்தது என்பது மரபு. கோவ்யன்டில் அது பரலோகப் பயணம். வசூலுக்காகப் பாதி வாழ்க்கையைச் சாலையில் கழித்த ஒருவர் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை நிஜமாகவே சொல்லியிருப்பார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹுட்டின் புத்தகம் வாசிக்கச் சுவாரசியமானது, தாராளமாகப் படியுங்கள். ஜான் எலியாஸ், வில்லியம்ஸ் ஆஃப் வெர்ன் போன்ற சமகாலப் பிரசங்கிகளும் அதில் வருகிறார்கள். ஒரே ஒரு யோசனை: பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, பவுண்டும் ஷில்லிங்கும் வருகிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டே போங்கள். முடிவில் அந்தத் தாளையும் ஒரு வரலாறாக வாசிக்கலாம்.