அந்த 24 எதுக்கு?

அமெரிக்காவில் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் தொல்லை தரும் சின்ன விலங்குகளை 'வார்மின்ட்' என்பார்கள். தெற்கு டகோடா புல்வெளியில் அது பெரும்பாலும் பிரெய்ரி நாய். பேர்லதான் நாய், அணில் குடும்பம், ஒரு முழம்கூட இருக்காது. 200, 300 கஜத்தில் இதைச் சுட வருகிறவருக்கு விற்கும் மலிவு ஸ்கோப்பின் பெட்டியில் '6-24×50' என்று கொட்டை எழுத்து. எனக்கு உறுத்துவது அந்த 24தான்.

முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மி.மீ. சொச்சம். தலை லேசா அசைஞ்சாலே படம் இருட்டாயிடும். போதாததற்கு, கோடை வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலையும் சேர்ந்தே பெருசாகும். பிறகு 12க்கு இறக்கித்தான் பார்க்கணும். அதற்கு எதுக்கு 24க்குக் காசு?

அந்தக் காசுக்கு ஒரு நல்ல 4-12×40 தேடலாம். பாரலாக்ஸ் திருத்தும் வசதி இருக்கணும். 100 கஜத்துக்கு நிலையாக வைத்த ஸ்கோப்பில், 300ல் கண் நகர்ந்தால் குறிக்கோடும் இலக்கின் மேல் நகரும். அதைவிட முக்கியம் திருகு. வழக்கமாக ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம், 300ல் முக்கால். இருபது கிளிக் ஏற்றி இருபது இறக்கினால் குண்டு பழைய இடத்திலேயே விழணும். இதைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

குறி இரண்டு அங்குலம் தப்பினால் பிரெய்ரி நாய் அரைகுறையாக அடிபட்டு வளைக்குள் இறங்கிவிடும். அங்கே இரண்டாவது குண்டு போகாது. உள்ளேயே கிடந்து சாகும். ரசீது கையில் இருக்கும்போதே தாள் இலக்கில் அந்த இருபது கிளிக்கைச் சோதிச்சிடுங்க.