மானுக்கு எந்தத் துப்பாக்கி?

பெரிய மானை அடிக்க எந்த காலிபர் ரைஃபிள் சரி? இந்தக் கேள்வியால் உங்களுக்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. 1972-ன் சட்டமும் 1991-ன் திருத்தமும் இந்தியாவில் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டன. இருந்தாலும் ஹெமிங்வேயின் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா' (1935) படிக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் துப்பாக்கி ஞானம் உதவும்.

1933 டிசம்பரில் ஆரம்பித்த ஆப்பிரிக்கப் பயணத்தின் கதை. மனிதர் இன்றைய தான்சானியாவில் 'குடு' என்ற மானைத் துரத்துகிறார். நம்ம புள்ளிமான் சைஸ் இல்லை. ஆண் குடு 250 கிலோ தேறும், கொம்பு ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிங்ஃபீல்ட் 30-06. இதில் 30 என்பது அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு, குழலின் விட்டம். 06 என்பது அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்ட வருஷம், 1906.

வேட்டைக்காரர்கள் இதில் இரண்டு கட்சி. பெரிய மிருகத்துக்குப் பெரிய குண்டு என்பது .375 கட்சி. பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரோ .275 ரிக்பியை வைத்துக்கொண்டு யானைகளையே நூற்றுக்கணக்கில் சாய்த்தார். (நம்ம ஜிம் கார்பெட்டிடம் இருந்ததும் .275 ரிக்பிதான்.) ஸ்கூலில் படித்த அரை எம்வி ஸ்கொயர் ஞாபகம் இருக்கிறதா? வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. அதனால் சின்னக் குண்டும் கொல்லும். ஆனால் பெல்லின் ரகசியம் ஃபிசிக்ஸ் இல்லை. யானை மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே என்று தெரிந்துவைத்திருந்தார்.

ஹெமிங்வே ஒரே சாயங்காலத்தில் இரண்டு குடுக்களை வீழ்த்துகிறார். 30-06 பாஸ். அடுத்து சேபிள் என்ற கறுப்பு மான். அதே ரைஃபிள், அதே ஆள். ஆண் சேபிள் அடிபட்டு ஓடிவிடுகிறது. கொளுத்துகிற வெயிலில் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். துளி குறைந்து, தடம் மறைந்துபோகிறது. ராத்திரி கழுதைப்புலிகள் அதை என்ன பண்ணும் என்று இவருக்குத் தெரியும். 1930-ல் கார் விபத்தில் வலது கை உடைந்து, தூக்கமில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரி ராத்திரிகள் அப்போது நினைவுக்கு வருகின்றன. தோளில் குண்டோடு தப்பித்த மிருகத்துக்கு எப்படி இருக்கும் என்று அங்கேதான் முதலில் யோசித்தாராம்.

இந்தச் சில பக்கங்களுக்காகத்தான் புத்தகம். முன்னுரையில் முழு உண்மையைச் சொல்லப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் நண்பருடைய கொம்பு எத்தனை அங்குலம் என்று பொருமுகிறார், அமெரிக்க எழுத்தாளர்களுக்கு மார்க் போடுகிறார், கூடவந்த உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பழைய இங்கிலீஷ் நடிகர் காரிக்கின் பெயரை வைத்துப் பக்கம் பக்கமாகச் சிடுசிடுக்கிறார். அந்தச் சிடுசிடுப்பு இன்று படிக்கச் சகிக்கவில்லை.

சேபிள் பக்கங்களில் ஒரு தீர்மானத்தையும் சொல்கிறார்: சுத்தமாகக் கொல்ல முடிகிறவரைதான் சுடுவது, அது போனதும் நிறுத்திவிடுவது. சரி, போய்விட்டதா என்று யார் தீர்ப்பு சொல்வது? சுடுகிறவரேதான். புத்தகம் இதை யோசிக்கவே இல்லை. 1953-ல் மறுபடி ரைஃபிளோடு ஆப்பிரிக்கா போனார்.

எங்கேயாவது கிடைத்தால் நேராக நான்காம் பாகத்தைப் பிரியுங்கள். முதல் பாகத்து இலக்கிய அரட்டையை ரயிலில் தூக்கம் வராதபோது பார்த்துக்கொள்ளலாம்.