நோக்கமில் உலகமும் அறமும்

நிலம், நீர், தீ, வளி என்னும் பூதங்களின் சேர்க்கையே உலகம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவழிச் செம்மை தோன்றுமாறுபோல, உடம்பிற் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும். கூட்டம் பிரிந்தால் அறிவுமில்லை, மறுமையுமில்லை என்பது உலகாயதர் கொள்கை. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் மறுத்தற்கு எடுத்துக்கொண்ட 14 மதங்களுள் இதுவே முதலாவது.

இக்கொள்கை பண்டே ஒழிந்ததென்று கருதற்க. 1979-இல் நோபெல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ஸ்டீவன் வைன்பெர்க், பிரபஞ்சத்தின் தோற்றம்பற்றி 1977-இல் வெளியிட்ட நூலின் இறுதியில், உலகம் விளங்குந்தோறும் அது நோக்கமற்றதாகவே தோன்றுகின்றது என்னும் கருத்தினை வைத்தார். அங்ஙனமாயின், அறத்துக்கும் வாழ்வின் பொருளுக்கும் இடமுண்டோ என்பது ஆராயற்பாலது.

இதற்குச் சைவருட் சிலர், "கடவுளை இல்லென்பார் அறஞ்செய்யார்" என்று விடை கூறுவர். அவ்விடை வலியுடைத்தன்று. உலகைப் படைத்தான் ஒருவன் உளனெனச் சமணர் கொண்டிலர். எனினும், நாலடியார் சமண முனிவர் வழிவந்ததென்பது அறிந்திருந்தும் சைவர் அதனைத் தம் சிறார்க்கு ஓதுவித்தனர். சமணர்க்கு வினையும் வீடும் உளவேயெனின், அவை இரண்டும் இல்லையென்பாரிடத்தும் நற்செயல் நிகழ்தல் கண்கூடு. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்பாண்டி நாட்டிற் பெருமழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. பொருநை கரைகடந்தது. அகப்பட்டாரை மீட்கப் புகுந்தாருட் கடவுட்கொள்கை உடையாரும் இல்லாரும் இருந்திருப்பர். இல்லார் செய்த உதவி மட்டும் அறமன்றெனக் கூற எந்நெஞ்சும் இடங்கொடாது.

சித்தாந்த நூலும் அங்ஙனம் கூறவில்லை. ஒழுக்கம், அன்பு, அருள், வாய்மை, தானம் முதலியவற்றை எண்ணி, குற்றமற்ற அறங்களெல்லாம் இரக்கமுடைய இறைவன் பணியே எனச் சித்தியார் சுபக்கம் உடன்படுகின்றது. செய்வான் அறியாவிடினும் செயல் எவன் பணியென்பது மாறாது.

ஆயின் உலகாயதனோடு மாறுபடும் இடம் யாது? கங்கைகொண்டானில் 2013-இற் புள்ளிமான் சரணாலயம் அமைக்கப்பெற்றது. மான் கைம்மாறு செய்யாது. பயிரை மேயவுஞ் செய்யும். ஆயினும் அதனைக் கோறல் தகாதென்னும் உணர்வு மக்கட்கு உண்டு. கூடிவாழ்தற்கு வேண்டப்படுதலின் இவ்வுணர்வு வளர்ந்ததென்பர் இக்காலத்தார். அவ்வுரை உணர்வு வந்த வழியைக் கூறுமேயன்றி, தனக்கு இழப்பு நேருமிடத்தும் ஒருவன் அதற்கு ஏன் கட்டுப்படவேண்டும் என்பதற்குக் காரணங் கூறாது. 'உள்ளது இது' என்பதனாலேயே 'செயற்பாலது இது' என்பது பெறப்படாது. உலகாயதன் அறஞ்செய்தல் கூடும். தன் அறத்துக்குத் தன் நூலிற் காரணங்காட்டல் கூடாது. மாறுபாடு இத்துணையே.

இனி, உலகினை ஆராய்ந்தார்க்கு அதனுள் நோக்கம் புலப்படாமை பற்றிச் சைவர் அஞ்சவேண்டுவதில்லை. மாயை சடமென்பது சித்தாந்தம். சடத்துக்கு நோக்கம் ஏது? மதகின் கல்லைப் பிளந்து பார்ப்பினும் 'நீர் வயலுக்கு' என்னும் கருத்து அதனுட் காணப்படாது. மதகினைச் செய்தான் காணப்படுவன், உலகைச் செய்தான் காணப்படானெனின், உண்மை. இவ்வுவமை இறைவனை நாட்டவந்ததன்று. பொருளினுட் காணாமையே நோக்கமின்மைக்குச் சான்றாகாதென்று காட்டவந்தது. தன்னைத் தானறியாத சடத்தை விடுத்து, அறியும் உயிரிடத்தினின்றே ஆராய்ச்சி தொடங்கல் வேண்டும்.

ஈண்டுச் சைவர் தம்மையும் ஆராய்தல் தகும். ஐந்தொழில் எதன் பொருட்டென்னும் வினாவுக்குச் சுபக்கம், முன்னவன் விளையாட்டென்று கூறினும் அமையுமென ஒன்று சொல்லி, உயிர்கட்குப் போகமும் வீடும் அளித்து மலத்தைத் துடைத்தற்கென மற்றொன்றும் சொல்லுகின்றது. பின்னதை விட்டு முன்னதையே பேசுவார், உலகினை நோக்கமற்றதாக்குதலில் உலகாயதர்க்குத் துணையாவர். வெள்ளத்தில் மனையிழந்தான் "இது எதற்கு?" எனக் கதறும்போது "விளையாட்டு" என்பதும், "நின் வினை" எனக் கூறி அகல்வதும் ஒருதன்மையவே. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குக் கருவி. பிறன் துன்பத்தைக் காணாதிருத்தற்குக் கருவியன்று. உலகம் உயிர்களின் உய்தியின் பொருட்டாயின், துன்புற்றானுக்கு உதவுதல் அந்நோக்கத்தோடு ஒருப்படுதலாம்; உதவாது தத்துவம் பேசல் அதற்கு மாறாதலாம்.

கங்கைகொண்டான் என்னும் பெயர் முதலாம் இராசேந்திர சோழனது விருதினை நினைப்பிக்கும். சைவர் நெஞ்சோ கங்கையைச் சடையிற் கொண்ட பெருமானையே நினைக்கும். வீழ்ந்துவரும் வெள்ளத்தின் வேகத்தில் நோக்கமில்லை. உலகம் அழியாவாறு அதனைத் தாங்கினான் கருணையில் நோக்கமுண்டு. அக்கருணையை நம்புவார், உலகாயதனை வாதில் வெல்லுமுன், வெள்ளத்தில் நிற்பானுக்குக் கைகொடுத்தலில் அவனுக்குப் பிற்படாதிருத்தல் கடனாகும்.