மதிலும் மாந்தரும்

உருவமா, உள்ளடக்கமா என்னும் விவாதம் எமது இலக்கிய உலகிலே நெடுங்காலம் நிகழ்ந்ததொன்று. உள்ளடக்கத்தைப் புறக்கணித்து உருவத்தை மட்டும் போற்றும் நோக்கு எங்கே கொண்டுசென்று விடும் என்பதைக் கவிதையிலும் சிறுகதையிலும் நாம் கண்டிருக்கிறோம். அதே குறைபாடு பழைய நகரங்களைப் பேணுவதற்கு வகுக்கப்படும் விதிகளிலும் உண்டு. காலிக் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும்.

போர்த்துக்கீசர் 1588இல் அரண் அமைத்த இவ்விடத்தை ஒல்லாந்தர் 1640இல் கைப்பற்றி, மதில் சூழ்ந்த நகராக விரிவாக்கினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காலி மரபுரிமை மன்றம் ஆகியன அதற்குக் காவலாக உள்ளன.

இக்காவலர் அளப்பவை யாவை? கட்டடத்தின் உயரம், கூரையின் சரிவு, ஓட்டின் வகை, தெருமுகப்பு, விறாந்தை, கதவு, சாளரம். இவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. இவ்விதிகள் இல்லையெனில் ஒல்லாந்தர் காலத் தெருக்களின் மீது சீமெந்து மாடிகள் என்றோ எழுந்திருக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை காலி நகரைச் சூறையாடியபோது கோட்டைக்குள் இருந்தோரைப் பெருமளவு காத்தவை இம்மதில்களே. அன்று மதில் மனிதரைக் காத்தது. ஆனால் மதிலைக் காக்கும் விதி மனிதரைக் காக்கின்றதா?

பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் பாடசாலைகளும் அருகருகே அமைந்த குடியிருப்பு இக்கோட்டை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்கள மக்களும் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வந்துள்ளனர். உல்லாசப் பயணத்துறை வளர, நிலத்தின் விலை ஏறியது. வீடுகள் பல விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறின. குடும்பங்கள் பல வெளியேறின. ஓடும் சாளரமும் அப்படியே இருத்தலால், விதியின் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை.

“விற்பவர் விரும்பித்தானே விற்கின்றார்?” எனச் சிலர் வினவுவர். ஒழுகும் கூரைக்கு மலிவான கூரைத் தகடு போட அவருக்கு அனுமதியில்லை. விதிக்கேற்ற ஓடும் மரமும் சுண்ணாம்பும் வாங்கப் பணமில்லை. பணமுள்ளவன் வாசலில் நிற்கின்றான். இந்நிலையிலே விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? பொதுச்சொத்தைப் பேணும் செலவை வசதியற்ற குடும்பத்தின் தலையிற் சுமத்தும் விதி, அக்குடும்பத்தை வெளியேற்றும் கருவியாகின்றது.

அன்னியரே இதற்குக் காரணம் என்பது பாதி உண்மைதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகளுடன், வெளிநாட்டவர் நிலத்தைச் சொந்தமாக்குவதைத் தடைசெய்தது. ஆயினும் குத்தகைக்கு அது இடமளித்தது. உள்நாட்டுச் செல்வருக்கோ தடையே இல்லை. எனவே இதனை வர்க்கப் பிரச்சினையாகவே நோக்குதல் வேண்டும்.

மாற்றுவழி உண்டா? இத்தாலியின் பொலோஞா நகரிலே, கம்யூனிஸ்டுகளின் தலைமையிலான மாநகரசபை 1973இல் ஒரு திட்டத்தை ஏற்றது. தொழிலாளரும் கைவினைஞரும் வாழ்ந்த பழைய வரிசை வீடுகள் பொது வீடமைப்புத் திட்டத்திற் சேர்க்கப்பட்டன. கட்டடத்தோடு அதில் வாழ்வோரும் பேணப்படல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. வீடுகளைச் சுவீகரிக்கும் முதல் எண்ணம் உடைமையாளரின் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. திருத்தவேலைக்கு உதவி பெறுவோர் வாடகையைக் கட்டுப்படுத்திப் பழைய குடிகளை வைத்திருக்கவேண்டும் என்ற ஒப்பந்தமே நடைமுறைக்கு வந்தது. எண்ணியவை யாவும் நிறைவேறினவல்ல. எனினும், நகரம் யாருக்காகப் பேணப்படுகின்றது என்ற வினாவை அத்திட்டம் எழுப்பியது.

எமது விதிகளும் அவ்வினாவை எழுப்பவேண்டும். சிறு உடைமையாளரின் கூரைத் திருத்தத்திற்குப் பொதுநிதி வழங்கப்படல் வேண்டும். குடியிருப்பு வீட்டை விடுதியாக்க அனுமதிக்குமுன் அத்தெருவில் எத்தனை குடும்பங்கள் எஞ்சியுள்ளன என்று பார்த்தல் வேண்டும். தீர்மானிக்கும் சபையிலே குடியிருப்போருக்கு இடமிருத்தல் வேண்டும். ஓட்டின் வகையைக் குறித்துச் செல்லும் அதிகாரி, அவ்வோட்டின் கீழே யார் வாழ்கின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும்.