நண்பர் கண்ட நடிகர்

பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) 'நாடக மேடை நினைவுகள்' நூலை வரலாற்று மூலமாகக் கொள்வோர், அதிலுள்ள ஆண்டுகளையும் அரங்கேற்ற விபரங்களையும் பொறுக்கிக்கொண்டு, அந்நூலின் உயிர்நாடியாக ஓடும் நட்பினைத் தனிமனித உணர்ச்சியென ஒதுக்கிவிடுவதுண்டு. சி. ரங்கவடிவேலு என்ற நடிகரைத் தம் ஆருயிர் நண்பர் என்று முதலியார் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறார். இதனை வெறும் உபசார மொழியாகக் கொள்வது தவறு. சுகுண விலாச சபை இயங்கிய முறையே இந்நட்பினுள் அடங்கியிருக்கிறது.

1891இல் சென்னையில் அச்சபை தோன்றியபோது, கற்றோர் நாடகமாடுவது இழிவெனக் கருதப்பட்டது. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட பின்னரே முதலியாருக்கும் தமிழ் மேடையில் நாட்டம் பிறந்தது. ஊதியம் பெறாத வழக்கறிஞர்களும் உத்தியோகத்தரும் கூடி ஆடிய அச்சபையில் பெண் பாத்திரங்களையும் ஆடவரே தாங்கினர். நாயகனாக முதலியாரும் நாயகியாக ரங்கவடிவேலுவும் பல்லாண்டுகள் இணைந்து தோன்றினர். 'ஹாம்லெற்'றின் தமிழாக்கமாகிய 'அமலாதித்தன்' போன்ற கடினமான நாடகங்களை மாலைநேர ஒத்திகைகளை நம்பி மேடையேற்றிய அவர்களுக்குத் தொழில்முறைக் குழுக்களின் நாளாந்தப் பயிற்சி வாய்க்கவில்லை. பயிற்சியின் குறையைப் பழக்கம் நிரப்பிற்று. எதிரே நிற்பவர் எவ்விடத்தில் மூச்செடுப்பார், எச்சொல்லில் தயங்குவார் என்பதை அறிந்திருப்பது அமைச்சூர் நடிகனுக்குப் பெருந்துணையன்றோ? நாடகாசிரியரும் அவரே, உடன் நடிப்பவரும் அவரே ஆகையால், நண்பரின் ஆற்றலை மனத்திருத்தி வசனம் எழுதும் வாய்ப்பும் முதலியாருக்கு இருந்தது.

எனினும், நூலின் குறையும் இங்கேயே தொடங்குகிறது. ரங்கவடிவேலுவை முதலியார் காண்பது அரங்கின் உள்ளிருந்து, அவையிலிருந்தன்று. நண்பரின் உழைப்பும் பண்பும் ஈடுபாடும் நமக்குத் தெளிவாகப் புலனாகின்றன. ஆனால் அவரது குரல் எத்தகையது, பெண்மையை எவ்வகை அசைவுகளாற் புலப்படுத்தினார், அக்காலத்து ஸ்திரீபார்ட் மரபிலிருந்து எங்கே விலகினார் என்று நாடக மாணவன் வினவினால் நூல் தரும் விடை சுருங்கியதே. தம் நடிப்பின் குறைகளை ஒளியாது கூறும் ஆசிரியர், நண்பரைப் பற்றிய இடங்களில் விமர்சகராக இருப்பதைக் கைவிடுகிறார். 1920களின் முற்பகுதியில் நிகழ்ந்த அந்நண்பரின் மறைவுக்குப் பின் எழுதப்பட்ட நூலாதலால், பாராட்டும் இரங்கலும் பிரிக்கவியலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. அதற்காக அதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு நடிகரைப் பிறிதொரு நடிகர் அருகில் நின்று கண்ட சாட்சியம் தமிழில் அரிது.

அச்சபையினர் 1911இல் கொழும்பு வந்தமை ஈழத்து நாடக வரலாற்றிலும் தடம் பதித்தது. முதலியாரைக் குருவாக வரித்த கலையரசு க. சொர்ணலிங்கம் இலங்கை சுபோத விலாச சபையை வளர்த்ததோடு, 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நினைவு நூலையும் தந்தார். இவ்விரு நூல்களும் எழுத்தறிவும் சமூகத் தகுதியும் வாய்க்கப்பெற்ற சபைகளிற் பிறந்தவை என்பது கவனிக்கற்பாலது. இசை நாடக மரபைச் சார்ந்த காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து 'மயான காண்ட'த்தில் அரிச்சந்திரனாகத் தோன்றி ஊரூராக மக்களை விழித்திருக்கச் செய்தவர், 1989இல் மறைந்தார். அவருடன் விடியும்வரை மேடையில் நின்ற ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் சக நடிகரும் எழுதப் பழகியோரல்லர். அவர்கள் அறிந்த வைரமுத்துவைச் சேகரிப்பதற்குப் பேனாவை விட ஒலிநாடாவே பொருத்தமான கருவியாக இருந்தது.