சிரிக்கும் துப்பறிவாளன்

துப்பறியும் நாயகன் குண்டர்களை அடித்து வீழ்த்தும்போது கைதட்டுவதும், அந்த அடிக்கு நியாயம் கேளாதிருப்பதும் இவ்வகைப் படங்களின் ரசிகர்களுக்கு நெடுநாளைய சம்பிரதாயம். ராபர்ட் ஆல்ட்ரிச் 1955இல் இயக்கிய 'கிஸ் மீ டெட்லி' அந்தச் சம்பிரதாயத்தையே சந்தேகிக்கத் துணிந்தது. மிக்கி ஸ்பில்லேனின் 1952ஆம் ஆண்டு நாவலில் பழிதீர்க்கும் வீரனாக விளங்கிய மைக் ஹாமரை, திரைக்கதை எழுதிய பெசரிடிஸ், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்து, விவாகரத்து வழக்குகளுக்குச் சாட்சியம் தேடத் தன் காரியதரிசி வெல்டாவையே தூண்டிலாக வீசிப் பிழைக்கும் அற்பனாக ஆக்கிவிட்டார்.

இப்படத்தின் ஹிம்சையில் ஒரு விசித்திரமான நியதி உண்டு. கிறிஸ்டினா என்னும் பெண்ணைப் பகைவர்கள் சித்திரவதை செய்கையில், உதறித் துடித்துப் பின் அடங்கிவிடும் வெறுங்கால்களையும் ஓர் அலறலையும் தவிர நமக்கு எதுவும் கிட்டுவதில்லை. ஆனால், இறந்துபோன அவள் உடலிலிருந்து எடுத்த சாவிக்குப் பிணவறை மருத்துவர் விலை பேசும்போது, ஹாமர் மேசை இழுப்பறையை அவருடைய விரல்களின்மேல் அறைந்து மூடி அழுத்துவதையும், அவ்வேளையில் ஹாமராக நடிக்கும் ரால்ஃப் மீக்கரின் முகத்தில் மலரும் சிரிப்பையும் காமிரா சிறிதும் ஒளிக்காமல் காட்டுகிறது. இசைப்பித்தர் ஒருவரை மிரட்டிப் பேசவைக்க அவர் கண்ணெதிரிலேயே பாடகர் கரூஸோவின் இசைத்தட்டை முறித்துப் போடும்போதும் அப்படித்தான். வில்லனின் குரூரத்தை நிழலில் வைத்து, நாயகனின் குரூரத்தை வெளிச்சத்தில் வைத்த இந்த யுக்தியை நான் மிகவும் மெச்சுகிறேன்.

குறைகளும் சிறியவை அல்ல. நாயகனை வெறுக்கச் சொல்லும் படம், அவனுடைய கார்களையும் முஷ்டியையும் மையலோடுதான் பார்க்கிறது. பெண்களோ அவனை மோகிப்பதற்கோ சாவதற்கோ ஏமாற்றுவதற்கோ அன்றி வேறெதற்கும் படைக்கப்படவில்லை. குண்டர் தலைவன் எவெல்லோ, கட்டிலில் கட்டுண்டு, ஹாமர் என்று எண்ணிய தன் ஆளாலேயே குத்துண்டு மடிந்தபின், அவன் கும்பலுக்குக் கதையில் வேலையே இல்லை. எல்லாரும் தேடும் பெட்டிக்குள் இருப்பது அணுசக்திப் பொருள் என்பதை, போலீஸ் அதிகாரி மன்ஹாட்டன் திட்டம், லாஸ் அலமாஸ், டிரினிடி என்று மூன்றே பெயர்களால் உணர்த்திவிட்ட பிறகும், அந்தப் பெட்டியை நாடும் வில்லன் டாக்டர் சோபரின் பண்டோரா, மெடூசா என்று புராணப் பிரசங்கம் செய்வது வெறும் வித்வத் பிரகடனம். (சாகப் போகிறவருக்கு இத்தனை பேச்சு எதற்கோ!)

முடிவும் பல ஆண்டுகள் ஊனப்பட்டுக் கிடந்தது. பெட்டி திறக்கப்பட்டுக் கடற்கரை வீடு பற்றி எரிகையில் ஹாமரும் வெல்டாவும் உள்ளேயே மாண்டார்கள் என எண்ணும்படி வெட்டப்பட்ட பிரதியே அநேகர் கண்டது. அவர்கள் அலைகளுக்குள் தள்ளாடி இறங்கும் மூல முடிவு 1997இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. காயம்பட்டு வெல்டாவின் மேல் சாய்ந்து, அடிக்க ஆளின்றி நிற்கும் ஹாமரை அதில்தான் காணலாம். ஆகவே பார்க்க விரும்புவோர் அந்தப் பிரதியையே தேடிப் பார்ப்பார்களாக.