வலிய ஏற்ற துயரம்

கிறிஸ்தவத் தமிழ் எழுத்தில் துயரம் மலிவாகக் கிடைக்கிறது. திணிக்கப்பட்ட துயரம், வலிய ஏற்ற துயரம் என்ற பேதம்தான் அகப்படுவதில்லை. பிரசங்கத்தை நிறுத்தச் சம்மதித்திருந்தால் ஜான் பன்யன் சிறையிலிருந்து வெளிவந்திருக்கலாம். 12 வருஷம் சம்மதிக்கவில்லை. விளைவு தன் கையில் இல்லையென்று தெரிந்தும் விலகாதிருப்பதே விசுவாசம். அவர் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிக'த்தில் கம்பனின் ஓசை நிறைந்திருக்கிறது. அந்தப் பிடிவாதத்தின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. பக்தி வாக்குவளமாக மாறும்போது நேரும் நஷ்டம் இது.

ஜவ்வாது மலைப் பக்கத்துத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய இருவரில் ஒருவர், ஸ்காட்லாந்து டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன். செல்வக் குடும்பம். கதர் உடுத்தினார். அந்நியத் துணி மறியல் நடந்த 1932இல், சென்னையில் போலீஸிடம் அடிபட்டார். ஒதுங்கி நிற்க அவருக்கு வழியிருந்தது. அதனால்தான் அந்த அடிக்கு அர்த்தம் உண்டு.

மலையில் பசித்திருப்பவனுக்கு அப்படி வழி ஏதுமில்லை. அவன் பசியைச் சிலுவை என்று பாடும்போது, கவிஞன் பிறர் பொறுமையைத் தன் பக்திக் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.